கலைக்களஞ்சியம் கேட்ட சிறுமியும் களஞ்சியத்தில் இடம் கிடைக்காத பெண்களும்

ஆடி பிறந்துவிட்டால் வடகரப்பதிப் பக்கம் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று தென்னைகளை வளைத்து ஆட்டிவிட்டுக் கோவையை நோக்கி ஓடும். மழை மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தயங்கும். வேலந்தாவளம், ஒழலப்பதி, கொழிஞ்சாம்பாறை என்று நம்மவர்கள் அதிகமாக வாழும் இந்த எல்லைக் கிராமங்கள் கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பியே காலம் தள்ளுகின்றன. ரயிலில் கோவைக்குப் போகிறவர்கள் கஞ்சிக்கோடு அருகே காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பார்கள். இடுக்கி மாவட்டத்தில் தேனி எல்லையை ஒட்டிய ராமக்கல்மேட்டிலும் இதே காட்சிதான்.

ஓரிடத்தில் காற்றாலை நடுவதற்கு முன்னால், அங்கே வருஷம் முழுவதும் எந்த மாதத்தில் எந்த வேகத்தில் காற்று வீசுகிறது என்று அளந்து கணக்கு வைத்திருக்க வேண்டும். இந்தியா முழுவதற்குமான காற்றுக் கணக்கைத் தொகுத்து 1983-ல் நூலாக வெளியிட்ட இருவரில் ஒருவர் ஒரு பெண்மணி. அவர் வெளிநாட்டுக்காரர் அல்ல. இடுக்கி மாவட்டம் பீர்மேட்டில், நம் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறிக்கும் அதே மலையில், 1918-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி பிறந்தவர். அன்னா மணி என்று பெயர்.

அவர் தந்தையார் பொறியாளர். ஏலத் தோட்டங்களும் உண்டு. வசதியான சிரியன் கிறிஸ்துவக் குடும்பம். எட்டு வயது நிறைந்தபோது குடும்ப வழக்கப்படி பெண் குழந்தைக்கு வைரத் தோடு வாங்கினார்கள். சிறுமி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா' தொகுதிகள் வேண்டும் என்றாளாம்! 1926-ல் பீர்மேட்டில் எட்டு வயதுப் பெண் கேட்ட பரிசு அது.

கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிப் படித்த அந்தப் பெண்ணைப் பற்றி இன்று கலைக்களஞ்சியத்தில் என்ன எழுதியிருக்கிறது? அவரைப்போல வேலை செய்த மற்றப் பெண்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்வி இப்போது உலகம் முழுவதும் கேட்கப்படுகிறது. நம் எல்லைப்புற ஊர்களிலும் கேட்க வேண்டிய கேள்வியே.

வைரத்தை மறுத்தவர் வைரத்தை ஆராய்ந்தார்

அன்னா மணி அம்மையாரின் கதையை இன்னும் சற்றுச் சொல்லிவிட வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மறு வருஷம் உபகாரச் சம்பளத்தோடு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி.ராமன் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? வைரங்களையும் மாணிக்கங்களையும் ஒளியில் வைத்து ஆராய்வது! முப்பதுக்கும் மேற்பட்ட வைரக் கற்களை இரவு பகலாக ஆராய்ந்து, 1942 முதல் 1945 வரை தம் ஒருவர் பெயரிலேயே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். காதில் போட மறுத்த வைரம் கருவிக்குள் வந்து சேர்ந்தது.

1945-ல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் இருக்கிறது. அம்மையார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-ல் திரும்பி வந்து புனாவில் இந்திய வானிலை இலாகாவில் உத்தியோகம் ஏற்றார்.

அந்தக் காலத்தில் வானிலைக் கருவிகள் பெரும்பாலும் சீமையிலிருந்து வந்தாக வேண்டும். ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்கு அளவு வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இந்தியாவிலேயே செய்யும் ஏற்பாட்டைச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 1953-ல் அந்தப் பிரிவுக்குத் தலைவரானார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆண்கள் 121 பேர். வெயிலின் வலிமையை அளக்கும் நிலையங்கள், ஓசோன் படலத்தை அளக்கும் கருவி, தும்பாவில் ராக்கெட் தளத்துக்கான வானிலைக் கருவிகள் என்று வேலை வளர்ந்தது. இலாகாவின் துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் சூரிய ஒளி பற்றிய கணக்கு நூலும் காற்று பற்றிய நூலும் வந்தன. 2001 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் காலமானார். இன்று வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு போடுகிறவரும் காற்றாலை நடுகிறவரும் அவர் தொடங்கிவைத்த அளவைகளின் மேல் நின்றே கணக்குப் போடுகிறார்கள்.

யார் எழுதும் களஞ்சியம்?

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிது அல்ல. 1910-ல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகள் வெளியிட்டது. 1954-ல் முதல் தொகுதியும் 1968-ல் பத்தாவது தொகுதியும் வந்தன. தடித்த அட்டை, நூலகத்தில் கண்ணாடி அலமாரி, எடுத்துப் புரட்ட நூலகரிடம் அனுமதி. அது ஒரு காலம்.

இப்போது பள்ளிப் பிள்ளை முதல் பத்திரிகைக்காரர் வரை எல்லாரும் முதலில் பார்ப்பது செல்போனில் விக்கிப்பீடியாவைத்தான். 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. மலையாளத்தில் 2002 டிசம்பரிலும் தமிழில் 2003 செப்டம்பரிலும் தொடங்கின. ஆங்கிலத்தில் 70 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. தமிழில் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். தமிழ்ப் பகுதிக்கு ஆரம்ப காலத்தில் அடித்தளம் போட்டவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன். யாருக்கும் சம்பளம் கிடையாது. இதை எழுத யாரும் நியமிக்கப்படுவதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் எல்லாரும் எழுதுகிறார்கள் என்று அர்த்தமாகிவிடுமா? 2011-ல் இதை நடத்தும் விக்கிமீடியா நிறுவனமே கணக்கெடுத்துப் பார்த்தது. எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒருவர்கூடப் பெண் இல்லை! எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளும் அப்படித்தான். 2014 வாக்கில் ஆங்கிலப் பகுதியிலுள்ள வாழ்க்கை வரலாறுகளில் பெண்களைப் பற்றியவை நூற்றுக்குப் பதினைந்துக்குச் சற்று மேல். அதிலும் சினிமா, அரசியல், விளையாட்டுத் துறைப் பெண்களைத் தள்ளிவிட்டு விஞ்ஞானம், பொறியியல் என்று தேடினால் நிலைமை இன்னும் மெலிவு.

இந்தப் பிரச்சினை ஊர் அறிய வெளிப்பட்டது 2018-ல். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக் கழகத்தில் பேராசிரியை டோனா ஸ்டிரிக்லண்ட். லேசர் ஒளியை மிகக் குறுகிய நேரத்துக்குள் மிக வலிமையாகப் பாய்ச்சும் முறையைக் கண்டவர்களில் ஒருவர்; கண் அறுவைச் சிகிச்சைவரை பயன்படும் முறை அது. அவரைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு மே மாதம் அது திருப்பி அனுப்பப்பட்டது. போதுமான முக்கியத்துவத்தைக் காட்டும் சான்றுகள் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அக்டோபர் 2-ந் தேதி அந்த அம்மையாருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது! மேரி கியூரி 1903-ல், மரியா கெப்பர்ட் மேயர் 1963-ல்; அவர்களுக்குப் பிறகு பௌதிகத்தில் பரிசு பெறும் மூன்றாவது பெண். அவரோடு சேர்ந்து அதே கண்டுபிடிப்புக்குப் பரிசு பெற்ற ஜெரார் மூருவுக்கு மட்டும் பல ஆண்டுகளாகவே பக்கம் இருந்தது.

திருப்பி அனுப்பியவர் பெண்களுக்கு விரோதி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் விஷயம் அத்தனை எளிது அல்ல. விக்கிப்பீடியாவின் சட்டம் ஒன்றே: சம்பந்தப்பட்டவர் தாமே சொல்லிக்கொள்வது செல்லாது, மற்றவர்கள் அவரைப் பற்றி நம்பகமான நூலிலோ பத்திரிகையிலோ எழுதியிருக்க வேண்டும். ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. செலவு உண்மையாகவே ஆகியிருக்கலாம். ரசீது எங்கே என்பதுதான் கேள்வி. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஊரில் உள்ள ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே நாலு பக்கம் எழுதிவைத்துக்கொள்வார்கள்.

ஆகவே குறை சட்டத்தில் இல்லை, ரசீதில் இருக்கிறது. பெண் விஞ்ஞானியின் வேலையைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் பெயர் வந்தது, கருவியைச் செய்தவர் பெயர் வரவில்லை. அச்சில் வராதது களஞ்சியத்தில் ஏறாது. களஞ்சியத்தில் இல்லாதவரைப் பற்றி அடுத்த பத்திரிகைக்காரரும் எழுதமாட்டார். செக்கு மாட்டைப்போல விஷயம் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது.

கோவையில் இருந்த கரும்பு அம்மையார்

மறைந்துபோவது ஒரு ஆபத்து என்றால், மிகையாகச் சொல்லப்படுவது இன்னொரு ஆபத்து. இதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் ஈ.கே.ஜானகி அம்மாள்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931-ல் தாவர இயலில் டாக்டர் பட்டம். சிறிது காலம் திருவனந்தபுரத்தில் பேராசிரியை. பிறகு 1934 முதல் 1939 வரை கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மேனோன்பாறையில் சர்க்கரை ஆலை ஓடிய நாட்களில் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குக் கோவைக் கரும்பு தெரிந்த சரக்கு. 'கோ' என்ற எழுத்தோடு தொடங்கும் கரும்பு ரகங்கள் எல்லாம் அந்த நிலையத்தின் பெயரைச் சுமப்பவை.

இணையத்தில் ஜானகி அம்மாளைப் பற்றித் தேடினால், இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் அவரே என்று பல இடங்களில் எழுதியிருக்கும். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் நாட்டுக் கரும்பின் கதையை மாற்றிய கோ-205 ரகம் வெளிவந்தது 1918-ல். பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ்.வெங்கட்ராமனும், ஆற்றங்கரையில் தானாக வளரும் பேய்க்கரும்பைச் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். அப்போது ஜானகி அம்மாள் சென்னையில் கல்லூரி மாணவி!

அப்படியானால் அம்மையார் செய்தது என்ன? கரும்பின் உயிரணுவுக்குள் நூல் போல இருக்கும் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து, எந்தப் புல் எந்தப் புல்லுக்கு உறவு, எதை எதோடு சேர்த்தால் என்ன விளையும் என்று கண்டு சொன்னார். கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கி, 1938-ல் அந்த முடிவை லண்டன் 'நேச்சர்' ஏட்டில் வெளியிட்டார். எந்தக் கரும்பும் அவரால் இனிப்பாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இதுவே பெரிய காரியம். பொய்யான பெருமையைக் கட்டிவிட்டால், நாளைக்கு விவரம் தெரிந்த ஒருவர் வந்து அதை உடைப்பார். உடைகிற சத்தத்தில் உண்மையான பெருமையும் சேர்ந்து போய்விடும். பெண்களின் பக்கங்களை நிரப்பக் கிளம்புகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்.

யுத்த காலத்தில் அவர் லண்டனில் இருந்தார். டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் கணக்கைப் பெரிய நூலாக 1945-ல் வெளியிட்டார். பண்டித நேருவின் அழைப்பின்பேரில் 1951-ல் திரும்பி வந்து, இந்தியத் தாவர மதிப்பீட்டு இலாகாவைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் பத்மஸ்ரீ.

பாலக்காடு மாவட்டத்துக்கு அவரிடம் ஒரு கடன் உண்டு. மண்ணார்க்காட்டுக்கு வடக்கே சைலன்ட் வேலியில் நீர்மின் அணை கட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் எண்பது வயதைத் தாண்டிய ஜானகி அம்மாளும் ஒருவர். அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையையும் தொடங்கினார். 1984 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று அங்கே சுற்றுலாப் போகும் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

பட்டத்தில் அடித்து எழுதிய சொல்

பொறியியலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த ஏ.லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கைம்பெண். கையில் நான்கு மாதக் குழந்தை. தந்தையார் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்துறைப் பேராசிரியர். மகளை மூலையில் உட்காரவைக்க மனமில்லாமல் அதே கல்லூரியில் சேர்த்தார். லலிதா தனியாக இருக்கக் கூடாது என்று கல்லூரி விளம்பரம் செய்ய, கேரளத்துப் பெண்கள் இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள்: லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா. பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதித் தர வேண்டியதாயிற்று!

லலிதா கல்கத்தாவில் ஒரு பெரிய மின்கருவிக் கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின்பாதை அமைப்பிலும் அவர் கை உண்டு. திருச்சூர் மாவட்டம் எடத்திருத்தியைச் சேர்ந்த திரேசியா, 1971-ல் கேரளப் பொதுப்பணித்துறைத் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலத்துக்குப் பெண் தலைமைப் பொறியாளர் வந்தது அதுவே முதல் தடவை. அவர் காலத்தில் போட்ட பாலங்களின் மேல் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. ஒப்பந்தக்காரர் பெயரும் திறந்துவைத்த மந்திரி பெயருமே கல்வெட்டில் இருக்கும் நாடு இது.

திருச்சியில் 1952-ல் பிறந்த பி.விஜயலட்சுமி, கடும் நோயோடு போராடிக்கொண்டே 1982-ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1985-ல் மறைந்தார். அப்படி ஒருவர் இருந்தார் என்று பலருக்கும் தெரிந்ததே 2008-ல் இந்திய விஞ்ஞானிகள் கழகம் பெண் விஞ்ஞானிகள் ஏறத்தாழ நூறு பேரைப் பற்றி 'லீலாவதியின் புதல்வியர்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகுதான். அந்த ஒரு நூல் எத்தனையோ கட்டுரைகளுக்கு ரசீதாக அமைந்தது.

இரவில் உட்கார்ந்து எழுதியவர்கள்

வட்டத்தை உடைக்கச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எமிலி டெம்பிள் வுட் என்ற மாணவி, 2012-ல் பெண் விஞ்ஞானிகளுக்காகவே ஒரு குழுவைத் தொடங்கினார். எழுதியதற்காக அவருக்கு ஆபாசக் கடிதங்கள் வந்தன. அவர் கண்ட மருந்து வேடிக்கையானது: ஒவ்வொரு கெட்ட கடிதத்துக்கும் பதிலாக ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி ஒரு கட்டுரை!

2015-ல் 'சிவப்பில் இருக்கும் பெண்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. விக்கிப்பீடியாவில் எழுதப்படாத கட்டுரையின் பெயர் சிவப்பு எழுத்தில் தெரியும், எழுதிவிட்டால் நீலமாகும். சிவப்பை நீலமாக்குவதே இவர்கள் வேலை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், அன்னா மணி படித்த அதே கல்லூரியில், ஜெஸ் வேட் என்ற பௌதிக விஞ்ஞானி பகலில் ஆய்வு முடித்து இரவில் எழுதியே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வரலாறுகளைச் சேர்த்திருக்கிறார். இவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளியதில் அந்தப் பதினைந்து சதவீதம் இப்போது இருபதுக்கு அருகே வந்திருக்கிறது. பத்து வருஷ உழைப்புக்கு ஐந்து சதவீதம்! கேலியாகச் சொல்லவில்லை, லட்சக்கணக்கான கட்டுரைகளில் ஐந்து சதவீதம் நகர்த்துவது மலையை நகர்த்துவதற்குச் சமம்.

ஆனால் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் அது தானாகத் தமிழுக்கு வந்துவிடாது. ஒவ்வொரு மொழியும் தனிக் களஞ்சியம். யந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்துக் கொட்டுவதும் பயன்படாது. 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, யந்திரத்தின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் குவித்தது. அவற்றைப் படிக்கத்தக்க தமிழாக்குவது நம் ஆர்வலர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

எல்லையில் இருப்பவர்களின் வசதி

இங்கேதான் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, மறையூர், மூணாறு, வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தமிழர்களுக்குத் தனி வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், ஆபீசில் ஆங்கிலம் என்று மூன்றும் நம் வாயில் புழங்குகின்றன. சென்னையில் இருக்கிறவர் மலையாளப் பத்திரிகையைப் படிக்கமாட்டார். திருவனந்தபுரத்தில் இருக்கிறவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அன்னா மணி, ஜானகி அம்மாள், திரேசியா மூவரும் கேரளத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் படித்தவர்கள். அவர்களைப் பற்றிய ரசீதுகள் இரண்டு மொழியிலும் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு பையிலும் கைவிடத் தெரிந்தவர்கள் நாம்தான்.

கேரளத்தில் ஊருக்கு ஊர் கிரந்தசாலை உண்டு. அங்கே மலையாள இதழ்களின் பழைய கட்டுகளைப் புரட்டினால் பெண் டாக்டர், பெண் பொறியாளர், பெண் விவசாய அதிகாரி பற்றிய செய்திகள் கண்ணில் படும். பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டால் அதுவே சான்று.

பெயரை எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. 'அன்னா மணி' என்று ஒருவர் எழுதுவார், 'அன்னா மாணி' என்று மற்றொருவர் எழுதுவார். 'ஜானகி அம்மாள்' சிலருக்கு 'சானகி அம்மாள்' ஆகிவிடுகிறார். ஒரு விதமாகத் தேடுகிற பிள்ளைக்கு வேறு விதமாக எழுதிய பக்கம் அகப்படாமல் போகலாம். இதற்கு 'வழிமாற்று' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எந்த எழுத்துக்கூட்டில் தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு வரி வேலை. கட்டுரையே எழுத வராதவர்களும் இதைச் செய்யலாம்.

புதிதாக எழுத விரும்புகிறவர் கணக்கு ஒன்று திறந்துகொண்டால் 'மணல்தொட்டி' என்ற பக்கம் கிடைக்கும். குழந்தை மணலில் எழுதிப் பழகுவதுபோல அங்கே எழுதிப் பார்க்கலாம். தப்பினால் யாரும் கோபிக்கமாட்டார்கள். பத்திரிகையில் வந்ததை அப்படியே நகல் எடுத்துப் போடக் கூடாது. சொந்த வாசகத்தில் எழுத வேண்டும். தன்னைப் பற்றியும் தன் உறவினரைப் பற்றியும் எழுதாமலிருப்பது நல்லது. வாக்கியத்தின் அருகே 'சான்று தேவை' என்று யாராவது குறித்துவைத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடிட்டில் கேட்கும் கேள்வி மாதிரிதான். பதில் இருந்தால் காட்டலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'பேச்சுப் பக்கம்' இருக்கிறது. தகராறுகளை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

படத்துக்கும் பஞ்சம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்து ஒட்டினால் நீக்கிவிடுவார்கள். தாமே எடுத்த படத்தைத் தடையின்றிக் கொடுக்கலாம். கோவை போகிறவர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் வாசலையும், பீர்மேட்டில் இருப்பவர் அந்த ஊரையும், பாலக்காட்டில் இருப்பவர் சைலன்ட் வேலிக் காட்டையும் செல்போனில் எடுத்துச் சேர்த்தால், அந்தந்தக் கட்டுரையில் அதற்கு இடம் உண்டு.

பழைய பெயர்கள் மட்டும் அல்ல. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார்தான் 2023 செப்டம்பர் 2-ந் தேதி சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். அன்றே, ஸ்ரீஹரிகோட்டாவில் பல ராக்கெட்டுகள் கிளம்பியபோது நேரத்தை எண்ணிச் சொன்ன குரலுக்கு உரியவரான வளர்மதி காலமானார். இவர்கள் இருவருக்கும் பத்திரிகைச் செய்திகள் ஏராளம். ஆனால் இவர்களோடு வேலை செய்த பெண் பொறியாளர்கள் எத்தனையோ பேருக்கு ஒரு செய்தித் துணுக்குக்கூட இராது. ஊருக்குத் திரும்பி வந்து பள்ளி ஆண்டு விழாவில் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த விழாச் செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வந்திருந்தால், அந்த நாலு வரியே நாளைக்கு அவர்களைப் பற்றி எழுதப்போகிறவருக்கு முதல் சான்று. செய்தியை வெட்டித் தேதியோடு ஒட்டிவைக்கும் பழக்கம் பள்ளி நூலகங்களில் முன்பெல்லாம் இருந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிரிவு ஆசிரியர்கள் அதை மறுபடி தொடங்கினால் செலவு ஒரு பசைப் புட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.